மாமாவின் விடுப்பு மனு

செத்தவர்கள் திரும்புவதில்லை என்பதை அரசாங்க முத்திரையோடு நிரூபித்த முதல் மனிதன் நான்தான். போருக்குப் போன தன் தம்பி வருவான் என்று அம்மா நாற்பது வருடமாக எந்த வீட்டிலும் வாசல் கதவைத் தாழிட்டதில்லை. "திருடனுக்கு வரவேற்புக் கமிட்டியா?" என்று கேட்பேன்.

இன்று மதியம் ராணுவ ஆவணக் காப்பகத்திலிருந்து மாமாவின் கோப்பு நகல் தபாலில் வந்தது. முதல் பக்கத்திலேயே, போருக்குப் போன அதே வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி மரணம்.

"பாத்துக்கோம்மா, கவர்மெண்டே சொல்லிடுச்சு."

அம்மா அழவில்லை. "இனி யாருக்குப்பா தொறந்து வெக்க?" என்றாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் மாமா கைப்பட எழுதிய விடுப்பு மனு இருந்தது. இறந்து இரண்டு நாள் கழித்துத் தேதியிட்டிருந்தார். செல்லும் முகவரியில், போன மாதம் நாங்கள் குடிவந்த இந்த வீட்டின் கதவு எண், தெரு. கீழே, 'அனுமதிக்கப்பட்டது.'

அம்மா அசையவில்லை. சத்தம் வராமல் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.