இறுதிக்கட்டச் சோதனை

வரைபடப் பிரிவு மேற்பார்வையாளர் உள்ளே வந்ததும் இயக்குநரே எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார். பியூனைக் கூப்பிடாமல், பிளாஸ்கிலிருந்து தன் கையாலேயே டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

ராணுவ வாகனங்களை வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் இயக்குநர் கையால் டீ குடித்தவர் யாருமில்லை. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் இப்படித் தண்ணீர் காட்டுவார்கள்.

மூலை நாற்காலியில் சஃபாரி சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "சார் உளவுத்துறை," என்றார் இயக்குநர்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? புது டாங்கி எஞ்சினின் வரைபடத்தைச் சத்தமில்லாமல் எதிரி நாட்டுக்காரனுக்கு விற்ற புண்ணியவான் மேற்பார்வையாளர்தான். அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு மாடி எழும்பியது. மனைவியிடம் அரியர்ஸ் வந்ததாகச் சொல்லியிருந்தார். அவளும் அரசாங்கத்தை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

"மாடி நல்லா வந்திருக்காமே?" என்றார் இயக்குநர்.

"ஏதோ... லோன் போட்டு..."

இயக்குநரின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வளாகத்தில் அந்த எஞ்சின் பொருத்திய முதல் டாங்கி நின்றது. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் 'இறுதிக்கட்டச் சோதனையில் உள்ளது' என்று பெருமையாக வாசிக்கப்படும் டாங்கி. அதன் பீரங்கிக் குழாயில் வாட்ச்மேன் துண்டைக் காயப்போட்டிருந்தார்.

உளவுத்துறைக்காரர் ஒரு புகைப்படத்தை மேசைமேல் தள்ளினார். எதிரி நாட்டு ராணுவ அணிவகுப்பு. பளபளவென்று புது டாங்கிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டிராக்டர்.

"உள்ள இருக்கறது நம்ம எஞ்சின். ஒரு போல்ட்டுகூட மாறல."

அவ்வளவுதான். மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து சரிந்து இயக்குநரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தி கெட்டுப் பண்ணிட்டேன் சார். என்னை ஜெயில்ல போடுங்க. பொண்ணுக்கு இப்பதான் வரன் பாக்கறோம். அவ காதுக்கு மட்டும் போகாம பாத்துக்குங்க."

அழுதார். நிஜமான அழுகை. அந்தக் கட்டடத்தில் நிஜமாக ஏதாவது நடந்து வெகுகாலமாயிற்று.

"எந்திரிங்க முதல்ல," என்று தோளைப் பிடித்துத் தூக்கினார் இயக்குநர். "எத்தனை செஞ்சிருக்காங்க தெரியுமா? அவங்க ராணுவம் மொத்தத்துக்கும் இனிமே இதுதான். பழைய டாங்கியை எல்லாம் உடைச்சு எடைக்குப் போட்டுட்டாங்க."

"ஐயோ..."

"ஒண்ணுகூட ஸ்டார்ட் ஆகல."

மேற்பார்வையாளர் புகைப்படத்தில் இருந்த டிராக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எதிரிக்கு நாம குடுத்த ஒரே அடி இதுதான்," என்றார் உளவுத்துறைக்காரர், மேற்பார்வையாளரின் கையைக் குலுக்கியபடி.

இயக்குநர் பீரோவைத் திறந்து இன்னொரு சுருளை எடுத்தார். தூசியைத் தட்டி, பிள்ளையைக் கொடுப்பதுபோல் மேற்பார்வையாளரின் கையில் கொடுத்தார்.

"ஹெலிகாப்டர். இதையும் வித்துடுங்க."