அசல் கறுப்பு

"எந்த முட்டாள் இதுல கை வெச்சான்?" என்றார் ஓரின்.

கேலனுக்கு முகம் தொங்கிப் போனது. ஜப்பானியர்களோடு நடந்த சண்டையிலிருந்து அப்பா கொண்டுவந்த துப்பாக்கி அது. போன குளிர்காலத்தில் அவர் இறந்ததும் கேலனுக்கு வந்தது. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்துப் பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளர்கள் சங்கத்தின் போட்டியில் அதை வைக்க வேண்டும் என்று அக்கா மார்லிஸையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். ஓரின்தான் நடுவர்.

"நல்லாப் பாருங்க சார். எங்கப்பா இதை யாரையும் தொட விடமாட்டார். ஞாயித்துக்கிழமை தவறாம அவரே உட்கார்ந்து துடைப்பார். அவ்வளவு ஆசை."

"ஆசை இருக்கட்டும். செய்யும்போதே இரும்புக்கு ஏத்தின அசல் கறுப்பு இப்படி கண்ணாடி மாதிரி மின்னாது. ஜப்பான் சக்கரவர்த்தியோட இந்த சாமந்திப்பூ முத்திரையைத் தடவிப் பாருங்க. இதழ் ஓரமெல்லாம் கூரா இருக்கணும். கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கு. மேல இருந்ததைச் சுரண்டிட்டு, புதுசா கறுப்பு ஏத்தியிருக்காங்க."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"கடைக்காரன் எவனோ அப்பாவை ஏமாத்தியிருக்கான்" என்றான் கேலன். "யாருன்னு மட்டும் தெரியட்டும்."

மார்லிஸ் காபியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் செய்யச் சொன்னேன்."

"நீயா?"

"பளபளன்னு இருக்கட்டும்னு ஆசைப்பட்டீங்களாக்கும்" என்றார் ஓரின். "இப்படித்தான் நிறையப் பேர் கெடுக்கிறாங்க."

"இல்லீங்க. அதுல ஒரு கறை இருந்தது. இதோ, இந்த இடத்துல."

ஓரின் துப்பாக்கியை விளக்குப் பக்கம் சாய்த்தார். புதுக் கறுப்புக்கு அடியில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள். கட்டை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"துரு அரிச்சிருக்கு" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரத்தம் படிஞ்சு, துடைக்காம விட்டா இரும்பு இப்படி ஆகும்."

"ஆமாங்க. அப்பாவோடது இல்ல. இதை வெச்சிருந்த ஜப்பான்காரப் பையனோடது."

கேலன் அக்காவையே பார்த்தான்.

"ஆசையில துடைக்கிறார்னுதான் நானும் நினைச்சேன், கேலன். நீ கடற்படைக்குப் போனப்புறம் ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த ஒரே இடத்தைத்தான் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். 'இன்னும் தெரியுது பாரு'ன்னார். 'பதினெட்டு வயசுகூட இருக்காதும்மா அவனுக்கு'ன்னார்."

பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

"பித்தப்பை ஆபரேஷனுக்கு அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ இதைத் துப்பாக்கிக் கடைக்கு எடுத்துட்டுப் போய், கறை தெரியாதபடி சுரண்டச் சொன்னேன். இதோட மதிப்பு போயிடும்னு அந்தக் கடைக்காரர்கூட சொல்லத்தான் செஞ்சார்."

"அப்பா வந்து பார்த்துட்டு என்ன சொன்னார்?" என்று கேட்டான் கேலன்.

"மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால தடவினார். அப்புறம் துப்பாக்கி துடைக்கிற எண்ணெய் டப்பாவை எடுத்து என் கையில கொடுத்து, 'இனிமே இது எனக்கு வேண்டாம், உன் தையல் மிஷினுக்கு வெச்சுக்கோ'ன்னார்."