இரவல் மூளை

“செத்துப்போச்சாடி?”

“ஒரு அசைவும் இல்லை. நான்தான் கொன்னுட்டேன்.”

அறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசை மேல் நான்கு சக்கரங்களோடு மல்லாந்து கிடந்தது, அவர்களுடைய முதல் ரோபோ.

அதன் மூளையான சர்க்யூட் போர்டு இரவல். ரோபோ போட்டியில் கோப்பை வாங்கிய பக்கத்துப் பள்ளி மாணவி ஒருத்தி, “புதுசா ஆரம்பிக்கிறீங்க, இதை வெச்சுக்குங்க” என்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தாள். இங்கே அவளுக்குக் கோப்பை அக்கா என்று பெயர்.

பேட்டரியை மாட்டியது குழுத் தலைவி. விளக்கு எரியவில்லையே என்று குனிந்தபோதுதான் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருப்பது தெரிந்தது. போர்டைக் கழற்றித் திருப்பினாள். அடியில் விரல்நகம் அளவுக்குக் கருகல்.

புகை வரவில்லை, தீய்ந்த வாசனைகூட இல்லை. சத்தமே போடாமல் உயிரை விட்டிருந்தது. பொருள் ஏதாவது பாழானால் அன்றைக்கே குழுவைக் கலைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் தலைமையாசிரியை இந்த அறைச் சாவியைக் கொடுத்திருந்தார்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. “நான்தான், கோப்பை அக்கா. சீக்கிரம் திறங்க!”

தலைவி கதவை நோக்கி நகர்ந்தாள்.

“நீ வாயே திறக்காதே,” என்று குழுவில் வாயாடி என்று பெயரெடுத்தவள் அவள் காதைக் கடித்தாள். “வந்தப்பவே அது அப்படித்தான் இருந்துச்சுன்னு நான் சொல்லிடறேன்.”

“பாவம்டி. அக்கா ஸ்கூல்ல யாரோ ஒருத்தர் வீணா திட்டு வாங்குவாங்க,” என்றாள் தலைவி.

“இல்லேன்னா நாம மூட்டை கட்டணும். பரவாயில்லையா?”

தலைவி கண்ணை மூடினாள். ‘கடவுளே, கூடவே இரு’ என்று முணுமுணுத்துவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

அக்காவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு பையை மார்போடு அணைத்திருந்தாள். பார்வை நேரே போர்டின் மேல் போய் விழுந்தது.

“அதை மாட்டிட்டீங்களா?”

“மாட்டிட்டேன்க்கா. ஒயரை மாத்திச் சொருகிட்டேன், எரிஞ்சுபோச்சு.” தலைவி மற்றவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள். “இவங்க யாருக்கும் இதுல சம்பந்தமே இல்லை. திட்டறதுன்னா என்னை மட்டும் திட்டுங்க.”

அக்கா திட்டவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு போர்டை எடுத்து, தலைவியின் கையில் வைத்து மூடினாள்.

“உங்களுக்குத் தெரியாம மாத்தி வெச்சுட்டு நைசா நழுவிடலாம்னுதான் ஓடி வந்தேன். நீ இப்படிச் சொன்னப்புறம் எனக்கு மனசு வரலை.”

“என்னத்தைக்கா மாத்தறது?” என்றாள் வாயாடி.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“வந்தப்பவே அது அப்படித்தான்டி இருந்துச்சு.”