வலியில்லாத ஆட்டுக்கு வலி மருந்து

மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு நீள ஊசி இருந்தது. குத்தினால் கத்துவார்கள் என்பதற்கு மேல் அதற்கு உலகம் தெரியாது. அன்று மயிலை என்ற பெண்ணாட்டின் முதுகெலும்பு இடுக்கில் அதை இறக்கினார்கள். உள்ளே ஊற்றுநீர் போலத் தெளிந்த நீர். உடம்பின் வலியெல்லாம் தலைக்கு ஏறுகிற வழி அது. ஆனாலும் கோயில் கருவறை மாதிரி அப்படியொரு அமைதி.

"அக்கா, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று ஊசி மெல்லக் கேட்டது.

"எங்கயும் இல்லையே."

"அப்புறம் எதுக்கு இந்த வலி மருந்து?"

"யாருக்கோ தாங்க முடியாத வலியாம். அவங்க முதுகுல இதைப் போடலாமான்னு என்னைக் கேக்கறாங்க."

"உங்களையா?"

"வாயால கேப்பாங்களா? மருந்து ஏறினதும் கீழ இறக்கி நடக்க விடுவாங்க. நடந்தா, போடலாம்னு அர்த்தம்."

"நடக்காட்டி?"

மயிலை அசைபோடுவதை நிறுத்தவில்லை. "நடக்காட்டி அவங்களுக்குப் போட மாட்டாங்க."

மருந்து ஏறியது. ஊசியை உருவித் தட்டில் போட்டுவிட்டு, மயிலையைத் தரையில் இறக்கி விட்டார்கள். முன்னங்கால்கள் நகர்ந்தன. எல்லோரும் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டில் கிடந்த ஊசிக்கு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, எங்கோ சுருக்கென்றது.