வத்சலா நம்பும் முகம்

டெல்லியில் எம்.பி.க்கள் வீட்டு வாசலில் வருஷக்கணக்கில் தவம் கிடந்து, சேனல் முதலாளிகள் சங்கத்துக்காக அந்தச் சட்டத்தை வாங்கிக் கொடுத்தவர் குலசேகரன். டிவி பார்ப்பவர் யார் சொன்னால் நம்புவாரோ, அந்த ஆளின் முகத்தோடும் குரலோடும் விளம்பரம் வரலாம் என்பதுதான் சட்டம். பிடிக்காதவர்கள் அதை நிறுத்த ரிமோட்டில் ஒரு பட்டன் வேண்டும் என்று ஒரு பெண் எம்.பி. அடம்பிடித்தார். அவரைப் பேசிப் பேசியே கரைத்து, பட்டனை ஒழித்தவரும் இவர்தான்.

சட்டம் அமலுக்கு வந்த அன்று சாயங்காலம், மனைவி வத்சலா நம்புவது தன்னைத்தானே என்று, டிவியில் தன் முகத்தைப் பார்க்கும் ஆசையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சீரியல் நின்றது. அதே அபார்ட்மென்ட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் தேவசகாயத்தின் முகம் வந்து சிரித்தது.

“வத்சலா, தோள்வலி எப்படி இருக்கு? இந்தத் தைலம் தடவிப் பாருங்க.”

வத்சலாவின் கை தானாகத் தோளுக்குப் போனது. குலசேகரன் அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தோள்வலின்னு இவனுக்கு எப்படித் தெரியும்?”

“லிஃப்ட்ல பையைத் தூக்க முடியாம நின்னேன். கேட்டாரு, சொன்னேன். பையில இருந்த போனும் கேட்டிருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னேங்க. போன்ல யாரோ எம்.பி.கிட்ட பேசிட்டு இருந்தீங்க.”

ரிமோட்டில் இருந்த பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தார். தேவசகாயம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“ஏன், என் முகம் வரக்கூடாதா?”

“வந்துச்சே. மத்தியானம் முதல்ல நீங்கதான் வந்தீங்க” என்றாள் வத்சலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் எழுந்து சமையலறைக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம்தான் அவரு வர ஆரம்பிச்சாரு.”