நசுங்கிய குழாய்

துணி உலர்த்தும் மெஷினை அண்ணன்காரன் மூச்சுப்பிடித்து முன்னால் இழுக்கிறான். சூடான காற்று வெளியே போகிற குழாய் சுவரோரம் தட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. "இதனாலதான் துணி காயல. இடம் பத்தலன்னு நீங்கதானே சுவரோட சேத்துத் தள்ளுனீங்க?" என்கிறாள் மனைவி. போன வாரம், கண்டபடி துணியைத் திணித்து மெஷினைக் கெடுத்துவிட்டதாகத் தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசியவன் அவன்தான். தம்பி அன்றே தனி அறை பார்த்துப் போய்விட்டான். அண்ணன் குழாயை விரல்களால் நிமிர்த்தி, உள்ளே அடைந்த பஞ்சை உருவியெடுத்துவிட்டு மெஷினைப் போடுகிறான். வெதுவெதுப்பான காற்று சீராக வருகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போடுகிறான். "உன் மேல தப்பில்லடா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். வீட்டுக்கு வந்துடு." அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது. "பரவால்லண்ணே. இங்க மாடியில நல்ல வெயில். துணியெல்லாம் சீக்கிரமே காஞ்சிடுது."