வெயிலடிக்கிற தீவு

“மால்டாதான் வேணும், பிள்ளை” என்றார் சிவகரன்.

மானிப்பாயில் பயணச்சீட்டுப் போட்டுக் கொடுக்கும் கடை அது. கணினிக்கு முன்னால் இருந்த ஜெயனி சிரித்தாள். “சைப்பிரசும் தீவுதானே, அங்கிள். அதே வெயில், அதே கடல். பழைய இடிபாடுகளும் கனக்க இருக்கு.”

“இல்லை. மால்டா.”

பக்கத்துக் கதிரையில் மனைவி உதயகலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கொழும்புக்கு அப்பால் போயறியாத மனுசனுக்குத் திடீரென்று என்ன உல்லாசப் பயணம் என்று அவள் ஒருதரமும் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

அங்கே கூட்டிக்கொண்டு போய்த்தான் அவளிடம் சொல்லவேண்டும். வீட்டில் வைத்துச் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தும் முடியவில்லை.

ஜெயனி திரையைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய கற்கள், பின்னால் நீலக்கடல். “ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின கோயிலாம், அன்ரி. ஆனா வெயிலுக்குள்ளை கனதூரம் நடக்கோணும்.”

“நான் நடப்பன்” என்றாள் உதயகலா.

சிவகரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கால் நோகுது என்று சொல்லி இந்த வருசம் நல்லூர்த் தேருக்குக்கூட வராதவள்.

“உங்கடை மகன் டினேஸ் படகேறி இத்தாலிக்குத்தானே போனவர்? அது மால்டாவுக்குக் கிட்டத்தான், அங்கிள். அவரையும் வரச்சொன்னா எல்லாரும் சந்திக்கலாம்.”

“அவனுக்கு லீவு இல்லை” என்றார் சிவகரன் அவசரமாக. “போய்ச் சேர்ந்த நாளிலையிருந்து வேலை, வேலை. ஒரு கோல் எடுக்கக்கூட நேரமில்லை.”

மின்விசிறிக்குக் கீழே இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது.

“அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் போடுறன்.” பாஸ்போட்டுகளைப் பிரதி எடுக்க ஜெயனி உள்ளே போனாள்.

உதயகலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வடிவான இடம்” என்றாள்.

சிவகரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாவம், ஆசைப்படுகிறாள். சொல்வதற்கு முதல் இரண்டு நாளாவது சந்தோசமாக இருக்கட்டும்.

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். உள்ளே இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“இஞ்சேருங்கோ, எங்கடை பிள்ளையைப் புதைச்ச இடம் உதுக்குக் கிட்டவோ?”